பலெர்மோவில் குறைந்துபோன முப்பத்தெட்டு மணித்தியாலம்

உகாண்டாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துச் சமூகப்பணி மாணவர்களின் களப்பயிற்சியை மதிப்பிடும் வெளித் தேர்வாளர் நான். பன்னிரண்டு பேரில் பதினொருவரை அந்நாட்டிலேயே பார்த்து முடித்திருந்தேன். எஞ்சிய அகெல்லோ, பரிமாற்ற மாணவியாக இத்தாலியின் பலெர்மோவில் பயிற்சி பெற்றவர். அவருக்காகவே 2025 மே 12, திங்கட்கிழமை, அங்கு சென்றேன். (மே 11 என்று என் மருமகன் முகநூலில் எழுதியது பிழை.)

விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்துக்கு ஆறரை யூரோ, ஐம்பது நிமிடம். பொலித்தியாமா சதுக்கத்தில் இறங்கினால் போர்கோ வெக்கியோ சந்தைக்கு ஏழு நிமிட நடை. என் நடைக்குப் பதினொன்று.

சந்தைக்குப் பின்னாலிருந்த புலம்பெயர்ந்தோர் உதவி நிலையத்தில் அகெல்லோவை எதிரே அமர்த்தி, அவரது களக்குறிப்பேட்டைத் திறந்தேன். விதிப்படி நானூறு மணித்தியாலம் வேண்டும். நிலைய மேற்பார்வையாளர் கையொப்பமிட்டிருந்தது 362க்கு. குறைந்தால் சித்தியில்லை, ஓராண்டை மீண்டும் படிக்க வேண்டும். படிவத்தை வகுத்தவனே நான். ஐயமின்றிப் பேனாவைத் திறந்தேன்.

உதவி கேட்டு வந்திருந்த ரெஜினா எட்டிப் பார்த்தார். மன்னாரைச் சேர்ந்தவர், வீட்டுவேலை செய்பவர்.

"சேர் தமிழோ? இந்தப் பிள்ளையிலை என்ன பிழை கண்டனீங்கள்?"

"நேரம் போதாது, அம்மா."

"போதாதோ! பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க எங்கடை வீட்டிலை ஆறு பேர். ஆறு விடியக்காலையும் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையிலை என்னோடை நிண்டவள். அதை எழுதேல்லையோ இவள்?"

எழுதவில்லை. ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஒருவருக்குத் துணையாக நிற்பதை எங்கள் ஊரில் வேலைக் கணக்கில் எழுதமாட்டோம். எழுதினால் அவரை அவமதித்ததாகும்," என்றார் அகெல்லோ, தலை தாழ்த்தாமல்.

திகதியில்லாத எதையும் நான் ஏற்பதில்லை. ரெஜினாவிடம் திகதிகளைக் கேட்டேன்.

"எனக்கெங்கை ஞாபகம்? நான் வேலைக்குப் போகாத நாளெல்லாம் என்ரை சிஞ்ஞோரா, வேலை செய்யிற வீட்டுக்காரி, குசினிக் கலண்டரிலை சிவப்பாலை வெட்டுவா. சம்பளம் பிடிக்கிற விசயத்திலை அவ ஒரு நாளும் பிழைவிடமாட்டா!"

சிஞ்ஞோராவிடம் கேட்டு எழுதினார்; சற்று நேரத்தில் அவரது கைப்பேசிக்குக் கலண்டரின் படம் வந்தது: ஆறு சிவப்புக் கோடுகள். ரெஜினா சொன்னபடி காலை ஐந்தரை முதல் பன்னிரண்டு வரை, நாளுக்கு ஆறரை; மொத்தம் முப்பத்தொன்பது. இடையில் இருவரும் கோப்பிக் கடையில் நின்றதற்காக நாளுக்குப் பத்து நிமிடம் கழித்தேன்.

"கோப்பி குடிக்கேக்கையும் என்ரை அழுகையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவள். அதையும் வெட்டுறீங்களோ? நீங்கள் சிஞ்ஞோராவை விட மோசம், சேர்!"

கழித்ததைச் சேர்த்தேன். நானூற்றொன்று. மேற்பார்வையாளர் படத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டார். அகெல்லோ சித்தி.

இப்பணிக்காகச் செல்வோர் ஒரு நாளையேனும் மேலதிகமாக ஒதுக்குங்கள். குறிப்பேட்டில் பெயர் வராதவர்களிடமும் கதையுங்கள். மதிய உணவுக்குக் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோ போகலாம், மீன் நன்று. திகதி மாற்றக்கூடிய பயணச்சீட்டையே வாங்குங்கள். என்னுடையது மாற்ற முடியாதது. உகாண்டாவில் இருவருக்கு நேரக்குறைவென்று ஏப்ரல் 24இல் சித்தியில்லையென எழுதியிருந்தேன். யாரோடு நின்றீர்கள் என்று அவர்களிடம் நான் கேட்கவேயில்லை. அந்நாட்டு விமான நிலையமான எந்தெபேக்குப் புதிய சீட்டு வாங்கிவிட்டேன்: மே 19, திங்கட்கிழமை.