நீலத் தறப்பாள்

இன்றைக்கு டென்மார்க்கின் ஜூட்லாந்தில் எனக்குத் தந்திருக்கும் காடுகளில் என் கையெழுத்தில்லாமல் ஒரு பீச் மரமும் விழாது. பெரிய உத்தியோகம்தான். படிக்கிற காலத்தில் நாங்கள் இருந்த ரண்டர்ஸ் நகரில் எங்கள் தமிழ் ஆட்கள் "மரம் எண்ணப் போனவள்" என்று பகிடி பண்ணினார்கள்.

உண்மையில் எண்ணத்தான் படித்தேன். மேலேயிருந்து எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, எந்த மரம் நிற்கிறது, எது இல்லை என்று எழுத வேண்டும். ஒரே ஒரு கட்டளை: காட்டுக்குள் நடந்துபோய்ப் பார்க்காமல் காரணம் எழுதாதே. 'இல்லை' என்பதோடு நிறுத்து.

போர் முடிந்த அந்த மே மாதம் அண்ணன் முல்லைத்தீவுக் கடற்கரையில் அகப்பட்டிருந்தார். "இரட்டைப் பனைக்குப் பக்கத்திலை நீலத் தறப்பாள் கட்டி இருக்கிறன் அம்மா" என்றதுதான் தொலைபேசியில் கடைசிப் பேச்சு. பிறகு அந்தக் கடற்கரையின் செய்மதிப் படங்கள் இணையத்தில் வந்தன. அம்மா கணினியை என் முன்னால் தள்ளினார்.

"நீ இதைத்தானே படிக்கிறாய் பிள்ளை. கொண்ணன் இருக்கிறானோ எண்டு பாத்துச் சொல்லு."

முதல் படத்தில் இரட்டைப் பனையும் தறப்பாள் கூடாரத்தின் நீலப் புள்ளியும் இருந்தன. அடுத்ததில் பனைகள் மட்டும். என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"தறப்பாளைக் கழட்டிக்கொண்டு அண்ணை வெளிக்கிட்டிட்டார் அம்மா. ஷெல் விழுந்திருந்தா எரிஞ்சிருக்கும். ஒண்டும் எரியேல்லை."

"ஓமோ?"

"ஓம் அம்மா."

நம்பித்தான் சொன்னேன். அதுதான் கொடுமை. பல நாளைக்குப் பிறகு அம்மா அன்று சோறு போட்டுச் சாப்பிட்டார். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். மகள் படத்தில் பார்த்துவிட்டாள் என்று எஸ்பியர்க் நகரம் வரைக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

அடுத்த கிழமை பரீட்சை. காரணம் எதுவும் எழுதாமல், 'இல்லை' என்று மட்டும் ஒழுங்காக எழுதினேன். பன்னிரண்டு தந்தார்கள், இங்கே அதற்கு மேல் புள்ளி கிடையாது. டேனிஷ் மரங்களுக்கு நான் கொடுத்த மரியாதை அது.

சில கிழமைகள் கழித்து, அண்ணனுக்குப் பக்கத்துத் தறப்பாளில் இருந்த பெண் அகதி முகாமிலிருந்து பேசினார்.

"நெஞ்சிலை ஷெல் துண்டு பட்டது அம்மா. சவப்பெட்டிக்கு எங்கை போறது? அந்த நீலத் தறப்பாளிலைதான் சுத்தி, பனையடியிலை தாட்டனாங்கள்."

அம்மா தொலைபேசியை வைத்தார். என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை.

"அண்டைக்கு நான் சோறு திண்டனான்" என்றார்.