உள்ளங்கையில் விழுந்த ஒயின்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டு வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் பெரிய காரணம். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நெற்றி நிறைய விபூதியோடு நான் உள்ளங்கையில் சிவப்பாக எதையோ ஏந்தி முகத்தருகே கொண்டுபோகிறேன். பக்கத்தில் கிளாஸும் கையுமாக என் சம்பந்தி. சிதம்பரம் கீழ வீதியில் பூஜை சாமான் கடை வைத்து, பிரதோஷம் தவறாமல் விரதம் இருக்கிற மனுஷன் சம்பந்தியோடு சேர்ந்து கெட்டுப்போனான் என்று, கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் யாராவது ஒரு மச்சான் அதை எடுத்துக் காட்டிச் சிரிப்பான்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். கடலூர்க்காரர். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாயில் ஒரு துளி கசிந்தாலும் மீட்டர் காட்டுவதற்கு முன்னால் அவர் மூக்கு சொல்லிவிடும் என்று அங்கே பெயர். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் பிறகு ஓசூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கித் திராட்சை போட்டு, ஒயின் தயாரிக்க ஆரம்பித்திருந்தார். "ரெண்டு பீப்பாய் இருக்குண்ணே, எது தேறும்னு நீங்கதான் மோந்து பாத்து சொல்லணும்" என்று விடாமல் கூப்பிட்டார். சம்பந்தி ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "நம்ம சம்பந்தியும் வந்தா வரேன்" என்றார். குடிக்காத என்னை எதற்கு இழுக்கிறார் என்று புரியவில்லை. திராட்சைத் தோட்டம் பார்த்ததில்லையே என்று கிளம்பினேன். மருமகன் கார் ஓட்டினார்.

கொடிகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே நுழைந்ததும் புளிப்பும் ஈரமரமும் கலந்து ஒரு வாடை. எங்களைக் கூப்பிட்ட தோட்டக்காரர் பீப்பாயிலிருந்து ஒரு ஜாடியில் பிடித்துக்கொண்டு வந்தார். கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் வாங்கிப் பழகிய கை, யார் எதை ஊற்ற வந்தாலும் தானாகக் குழிந்து நீளும். இடது கையை அடியில் கொடுத்து அப்படித்தான் நீட்டிவிட்டேன். அவரும் என்ன நினைத்தாரோ, ஊற்றிவிட்டார்.

"மாமா, இது கோயில் இல்ல, கிளாஸ்ல வாங்கணும்" என்று மருமகன் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். குடிக்கவும் முடியாது. கையில் வாங்கியதைத் தரையில் கொட்டவும் மனசு வராது. என்ன செய்வதென்று தெரியாமல் மோந்து பார்த்தேன். அப்போதுதான் சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, "என்னா வாசன அடிக்குது சம்பந்தி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாவப்பழம் மாதிரி இருக்குங்க. அடியில ஈரக் கட்ட. கொஞ்சம் வாடுன பன்னீர் ரோசா."

அவர் கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "நாவப்பழம் தூக்கலா இருக்குய்யா. அடியில ஈரக் கட்ட. கடைசில பன்னீர் ரோசா." தோட்டக்காரருக்கு வாயெல்லாம் பல். "அதே மூக்குண்ணே, கொஞ்சம் கூட மாறல!" என்றார். சம்பந்தி என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த பீப்பாய் கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. மற்ற இருவரும் முன்னால் போக, சம்பந்தி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "எனக்கு வாசன போயி வருஷக்கணக்குல ஆவுது. காப்பியும் சுடுதண்ணியும் ஒண்ணுதான். இவன் என்னைய எப்புடி நம்பிக்கிட்டிருக்கான், பாத்தீங்கல்ல? பையனுக்குத் தெரிய வேணாம், அவன் அம்மாவுக்கும் தெரிய வேணாம். நம்மளோட இருக்கட்டும்." சரி என்று தலையாட்டினேன்.

இந்தத் தடவை தெரிந்தேதான் கையை நீட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மோந்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. கோடையில் சாமிக்குப் படைத்துவிட்டு எடுக்க மறந்த பழத்தட்டின் வாடை. தோட்டக்காரர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் பொய் சம்பந்தி வாயிலிருந்து வரும். "புளிச்சிடுச்சுங்க" என்று முணுமுணுத்தேன்.

சம்பந்தி என்னை ஒரு தடவை பார்த்தார். கிளாஸை வாயில் வைக்கவே இல்லை. "இது தேறாதுய்யா. காடியாப் போயிட்டிருக்கு" என்றார். தோட்டக்காரர் தானும் மோந்து பார்த்துவிட்டு, "எனக்கும் சந்தேகம் இருந்துச்சுண்ணே. உங்க வாயால கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

சம்பந்தி போன வருஷம் தவறிவிட்டார். அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. சமீபத்தில் கடலூர் போயிருந்தபோது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சம்பந்தியம்மா காப்பியை வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தாரு, பாவம். அடுப்புல பால் பொங்கிக் கருவும், பக்கத்துலயே பேப்பர் படிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. சாப்புட உக்காந்தா, கொழம்பு வாசனையே தூக்குதேம்பாரு. அவரா சொல்லட்டும்னு நானும் இருந்துட்டேன். அன்னிக்கு உங்கள எதுக்கு இட்டுக்கினு போனாருன்னும் தெரியும். எழுதுங்க, உங்க பேரு கெட்டது போதும்."

அதனால்தான் எழுதுகிறேன். நடராஜப் பெருமான் சாட்சியாக ஒரு துளியும் என் நாக்கில் படவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால், ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் இப்படியே சொல்லுங்கள். அந்தப் படம் உங்கள் போனுக்கும் வரலாம். வந்தால் என் கையை விட்டுவிட்டு சம்பந்தியின் கண்ணைப் பாருங்கள். ஒயினின் மேல் அது இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.