முன்னால் தள்ளுவது, பின்னால் ஊதுவது

வோபர்னில் டவுன்ஹவுஸ் எனப்படும் வரிசை வீடுகள் எழுபத்தெட்டு உள்ள ஒரு குடியிருப்புக்கு நான்தான் பராமரிப்பாளர். குழாய் ஒழுகினாலும் கராஜ் கதவு இறுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோடையில் புல் வெட்டவும் மண் அள்ளவும் நிர்வாகக் குழு ஒரு சின்ன ட்ராக்டரை வாங்கித் தந்திருந்தது. முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகளும் அவற்றில் ஒரு வாளியும் உள்ள ட்ராக்டர். அதை ஓட்டிப் பழக எனக்கு ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள் நான்.

பனி அள்ளுவது மட்டும் வெளியாளின் வேலையாக இருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் பிக்கப் ட்ரக்கின் முன்னால் பிளேடு பூட்டிக்கொண்டு வருவார். எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. வந்தால் பனி முழுவதையும் வீடுகளுக்கு இடையே ஓடும் ஒழுங்கையின் கடைசிக்குத் தள்ளிக் குவித்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குவியல் வெயில் பட்டதும் உருகி, கடைசி ஆறு வீடுகளின் கராஜ் வாசல்களுக்கு ஓடும். பொழுதுபட அங்கேயே உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும். நான் வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் அந்தக் கண்ணாடியில் வழுக்கி விழுந்தவர் எங்கள் குழுவின் தலைவரே. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பனி உருகிய பிறகு நடந்த அடுத்த கூட்டத்துக்குக் கட்டுப்போட்ட கையோடுதான் அவர் வந்தார். எழுபது வயது தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர். துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்தவர். எதையும் முடிவெடுத்த பிறகுதான் கூட்டத்தில் கேட்பார்.

"இனி உந்த ஆள் வேண்டாம். எங்களிட்டை ட்ராக்டர் இருக்கு. அதிலை ஸ்னோ அள்ளுற சாமானைப் பூட்டி நாங்களே செய்வம். நல்ல பெரிய புளோவர் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன்," என்றார்.

"அண்ணை, ஓட்டப்போறது நான். என்ன பூட்டுறது எண்டதை நான் பார்த்துச் சொல்லுறன்," என்றேன்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

"உனக்கு உதுகளைப் பற்றித் தெரியுமோ பிள்ளை?"

"தெரியாது. ரெண்டு கிழமை தாங்கோ. தெரிஞ்சுகொண்டு வாறன்."

அவர் முறியாத கையால் தன் தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, "சரி, ரெண்டு கிழமை," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கருவிகளின் படங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாமே நல்லதாகத் தெரிந்திருக்கும். அடுத்த நாள் காலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குடியிருப்பைச் சுற்றி நடந்தேன். ஒழுங்கைகளின் அகலம், வேகத்தடைகளின் உயரம், தாருக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சாக்கடை மூடிகள், தபால் பெட்டிகளுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே உள்ள ஒடுக்கமான வழி எல்லாவற்றையும் எழுதினேன். அதைவிட முக்கியமாக, பனி எங்கே போய்ச் சேரவேண்டும் என்று யோசித்தேன். ஒழுங்கைகளில் கராஜ்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அங்கே புளோவரால் பனியை ஊதி எறிந்தால் அது யாருடைய காரிலோ யன்னலிலோ போய்த்தான் விழும். முழுக் குடியிருப்பிலும் எறிவதற்கு ஓரிடம்தான் இருந்தது. விருந்தினர் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஓடையை நோக்கி இறங்கும் புல்சரிவு. அங்கே உருகினால் தண்ணீர் ஓடைக்குப் போகும், எவருடைய வாசலுக்கும் வராது.

நான் மண்ணில் முழங்காலிட்டு அளந்துகொண்டிருந்ததைக் கடைசி வீட்டுப் பெண் கண்டுவிட்டு வந்தாள். மன்னாரைச் சேர்ந்தவள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ்.

"அக்கா, என்ன அளக்கிறீங்கள்?"

சொன்னேன்.

"நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு ஒண்டுதான். காலமை அஞ்சரைக்கு என்ரை கார் வெளியிலை போகவேணும். போன பனிக்காலம் மூண்டு தரம் நானே அள்ளிப்போட்டு, நனைஞ்ச சப்பாத்தோடை வோர்ட்டுக்குப் போனனான்."

அவள் சொன்னதையும் என் தாளில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை நானும் கணவரும் யூனியன்வில்லைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு ட்ராக்டர் கடைக்குப் போனோம். கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர். இயந்திரம் எதைக் கண்டாலும் மனிதர் சின்னப்பிள்ளையாகிவிடுவார். கடைக்குள் கால் வைத்ததும் என்னை விட்டுவிட்டு ஒரு பெரிய புளோவரின் முன்னால் போய் நின்றுவிட்டார். ட்ராக்டரின் முன்பக்கத்தில் பூட்டுகிற வகை. பனியை வாயால் இழுத்து, மேலே உள்ள குழாயால் தூர எறியும்.

"இஞ்சேரும், உதைப் பாரும்! முன்னுக்குப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். கழுத்துத் திருப்பத் தேவையில்லை. உதையே எடும்."

விற்பனையாளர் நரைத்த தாடி வைத்த, அமைதியான மனிதர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவராம். அவரும் என் கணவரைப் பார்த்தே தலையாட்டினார். "நல்ல தெரிவு. உங்கள் ட்ராக்டருக்குப் பொருந்தும்," என்றார் ஆங்கிலத்தில்.

"இதைப் பூட்டினால் முன்னால் இருக்கும் வாளிக் கைகளை என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"கழற்றி வைக்கவேண்டும்."

"பனி முடியும்வரை?"

"ஆமாம். அல்லது தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்."

"எங்களுடையதைப் போன்ற ட்ராக்டர் ஒன்று வெளியே நிற்கிறதே, அதில் நான் இதைத் தனியாகப் பூட்டிப் பார்க்கலாமா?"

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். வேறொரு கடைக்காரர் என்றால் சிரித்திருப்பார். இவர் கையுறை ஒரு சோடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நாற்பது நிமிடம் போராடினேன். கைகளைக் கழற்றியாயிற்று. புளோவர் அரைவாசிதான் பூட்டுப்பட்டது. அடியில் படுத்துப் பெல்ட்டையும் தண்டையும் கோர்க்க இன்னொரு ஆள் வேண்டும். கணவர் இரண்டு தரம் உதவிக்கு வந்தார். இரண்டு தரமும், "நில்லுங்கோ. விடியப்புறம் நாலரைக்கு நீங்கள் மொன்றியல் றோட்டிலை நிப்பீங்கள், இஞ்சை நிக்கமாட்டீங்கள்," என்று தள்ளி நிறுத்தினேன்.

அதன் பிறகு சுவரோரம் கிடந்த மற்றொன்றைக் காட்டினேன். மூன்று பக்கமும் அடைத்த, அடி இல்லாத பெட்டி மாதிரி ஒன்று. அதைப் புஷர் என்கிறார்கள். வாளியைக் கழற்றிவிட்டு அதே கைகளில் மாட்டவேண்டும். பனி பக்கங்களால் சிந்தாமல் அப்படியே முன்னால் போகும். தரையைத் தொடும் விளிம்பு தடித்த இறப்பர். ஆகவே சாக்கடை மூடியில் இடித்தாலும் வளைந்துகொடுக்கும். ட்ராக்டரில் இருந்தபடியே கைகளை இறக்கிக் கொளுவி, இறங்கி இரண்டு பிடிகளை அழுத்தினேன். மூன்று நிமிடம்.

"எட்டடிப் புஷர் எடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்," என்றார் விற்பனையாளர்.

"தபால் பெட்டிக்கும் கம்பத்துக்கும் இடையே ஏழடிதான். எனக்கு ஆறடி," என்றேன்.

புளோவரும் வேண்டும்தான். ஆனால் பின்பக்கம் பூட்டுகிறது. புஷரால் பனியைச் சரிவின் விளிம்புவரை கொண்டுபோவது, குவியல் உயர்ந்ததும் ட்ராக்டரைத் திருப்பி, பின்னால் உள்ள புளோவரால் சரிவுக்குக் கீழே எறிவது. அதையும் பூட்டிப் பார்த்தேன். முதலில் பத்து நிமிடம், இரண்டாம் முறை ஆறு.

"பின்னால் பார்த்தபடி ஓட்டவேண்டும். கழுத்து நோகும்," என்று அந்த மனிதர் நேர்மையாகச் சொன்னார்.

"பத்தொன்பது வருடம் பின்னால் பார்த்தபடிதான் ஓட்டினேன்," என்றேன்.

திரும்பி வரும்போது கணவர், "அந்தப் பெரிய புளோவர் வடிவாத்தான் இருந்தது," என்றார்.

"வடிவாத்தான் இருந்தது," என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

குழுக் கூட்டத்தில் என் வரைபடத்தை மேசையில் விரித்து, பனி எங்கிருந்து எங்கே போகும் என்று விரலால் காட்டினேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஆறடி சின்னதாகத் தெரிகிறது என்றார். அளவைக் காட்டினேன். அவர் தானும் போய் அளந்து பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் பனி டிசம்பரில் கொட்டியது. நாலு அங்குலம் இருக்கும். இவ்வளவுக்குப் புளோவர் எதற்கு என்று அதை ட்ராக்டர் நிற்கும் கொட்டிலிலேயே விட்டுவிட்டுப் புஷரை மட்டும் பூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் ஒழுங்கையின் இறக்கத்தில், முன்னால் பனி நிறைந்து பாரமாகியதும் பின்சில்லுகள் தரையில் பிடியை விட்டு வழுக்கின. பிரேக் கேட்கவில்லை. ட்ராக்டர் மெதுவாக, மிக மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி ஒரு வேலியில் போய்ச் சாய்ந்தது. இரண்டு பலகைகள் சடசடவென்று முறிந்தன. வேறு யாருடைய வேலியாகவும் இருந்திருக்கலாம். தலைவருடையது.

அவர் வீட்டு உடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை, புஷர் சரிவரேல்லையோ?"

"புஷரிலை பிழை இல்லை அண்ணை. பிழை என்னிலை. பின்னுக்குப் பாரம் இல்லாமல் வந்திட்டன். வேலியை நானே அடிச்சுத் தாறன்."

 என்ன நடந்தது என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட்டின் பின்னால் இரும்புக் கட்டி வைப்பது ஏன் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். கொட்டிலுக்குப் போய்ப் புளோவரைப் பின்னால் பூட்டி, நிலத்தில் படாமல் தூக்கிக்கொண்டு அதே இறக்கத்துக்கு வந்தேன். அவர் இன்னும் வாசலில் நின்றார். அவர் பார்க்கப் பார்க்கவே பனியை நிறைத்துக்கொண்டு இறங்கினேன். சில்லுகள் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவர் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பெரிய பனி ஜனவரியில் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் கொட்டி, விடியப்புறம்தான் ஓய்ந்தது. நாலு மணிக்கு இறங்கினேன். கடைசி ஒழுங்கையில்தான் தொடங்கினேன். ஐந்தேகாலுக்கு நேர்ஸின் கார் விளக்கு எரிந்தது. நான் ட்ராக்டரை ஓரங்கட்டினேன். அவள் யன்னலை இறக்கி, "அக்கா, சப்பாத்து நனையேல்லை!" என்று கத்திவிட்டுப் போனாள்.

பத்து மணியளவில் சரிவின் விளிம்பில் குவியல் என் தலைக்கு மேல் நின்றது. ட்ராக்டரைத் திருப்பிப் புளோவரை இறக்கினேன். வெள்ளைப் பனி வளைந்து எழும்பி, சரிவுக்குக் கீழே தூளாக விழுந்தது. நடுவில் உறைந்த கட்டி ஒன்று சிக்கி, அதற்கென்றே வைத்திருக்கும் ஆணி முறிந்தது. இயந்திரம் பழுதாகாமல் தான் முறிவதுதான் அந்த ஆணியின் வேலை. சட்டைப்பையில் நாலு வைத்திருந்தேன். ஒன்றை மாற்றினேன். தெருவுக்கு எதிர்ப்பக்கக் குடியிருப்பில் மத்தியானம்வரை பனி அள்ள ஒருவரும் வரவில்லை. அங்கிருந்தவர்கள் வேலியோரம் நின்று என்னைப் பார்த்தார்கள்.

அந்த மார்ச்சில் கடைசி ஆறு கராஜ்களின் வாசலும் காய்ந்து கிடந்தது. கழுத்து நொந்தது, அதை மறைக்கவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டேன்.

இந்த வருடம், தரையில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவும் கருவி ஒன்று வாங்கவேண்டும். குழு இம்முறை எதுவும் கேட்காமல் என்னிடமே விட்டுவிட்டது. போன சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் நரைத்த தாடிக்காரர் மூன்று வகைகளைக் காட்டிவிட்டு, கேட்காமலேயே கையுறையை எடுத்து வைத்தார். முதலாவது மிகப் பெரிது. மூன்றாவதில் ஈர உப்பு அடைத்துக்கொள்ளும், அரை மூடை கொட்டிச் சுழற்றிப் பார்த்தேன். இரண்டாவதைத்தான் எடுக்கப்போகிறேன்.