முப்பத்தோராவது செய்முறை

அந்தக் கேபிளைப் போட்டுக் கொடுத்த பாவி நான்தான். அதனால் இந்தக் கதையைச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

அஃப்கார் டீச்சர் எங்கள் தந்தா ஊரில் இருபத்தாறு வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலேயே டியூஷன். பரீட்சைக்கு முன் அவள் எழுதும் கைடுக்காகவே பிள்ளைகள் வருவார்கள். எதிர் வீட்டு ஷவ்கிக்கும் அதே பாடம், அதே டியூஷன்தான். ஆனால் அவன் பேனர் வைத்து, அதில் கிரீடம் வரைந்து, "வேதியியல் சக்கரவர்த்தி" என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். எங்கள் ஊர் டியூஷன் வாத்தியார்கள் எல்லோருமே ஏதாவதொரு நாட்டுக்கு ராஜாதான்.

அவனிடம் லேசர் பிரிண்டர் இருந்தது, அவளிடம் இல்லை. "நமக்குள்ள என்ன அக்கா, ஒரு ஒயரப் போட்டா என் பிரிண்டர் உங்க பிரிண்டர்" என்றான் சக்கரவர்த்தி. நான் டெலிபோன் லைன்மேன். இரண்டு சமையலறைச் சன்னலும் எதிரெதிர். நடுவில் துணி காயும் கொடி. அதோடு சேர்த்துக் கேபிளை இழுத்தேன். நடுவில் இணைப்புப் பெட்டி எதுவும் இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைப்பதென்றால், ஒரு முனையில் கம்பிகளை இடம் மாற்றிச் சொருக வேண்டும். ஒன்றின் வாய் மற்றதன் காதோடு சேர வேண்டுமே.

"பாஸ்வேர்டு போடட்டுமா அக்கா? இல்லாட்டி அவரு உங்க ஃபைல் எல்லாத்தையும் பாக்கலாம்."

"எதிர் வீட்டு மனுஷருக்குப் பூட்டா? வெளிய சொன்னா வெக்கக்கேடு ரம்ஸி. தொறந்தே வை."

திறந்தே வைத்தேன்.

அந்த வருடம் அவள் கைடு வெளியாவதற்குப் பதினைந்து நாள் முன்னால், அதே கைடு கிரீட அட்டையோடு கடைகளில் தொங்கியது. அவள் தன்னுடையதைக் கொண்டுவந்தபோது, "சக்கரவர்த்திகிட்ட காப்பி அடிச்சிட்டாங்க" என்று பெற்றவர்கள் பேசினார்கள். அறுபது பிள்ளைகள் நாலு பேராகக் குறைந்தார்கள். இருபத்தாறு வருடப் பேர் பதினைந்தே நாளில் திருட்டுப் பேராகிவிட்டது. அவள் நேரே போய்க் கேட்டாள். அவன் வறுத்த தர்பூசணி விதை கொறித்துக்கொண்டே சொன்னான்:

"தண்ணிக்கு உங்க வீட்ல ஒரு ஃபார்முலா, எங்க வீட்ல ஒரு ஃபார்முலாவா அக்கா? கெமிஸ்ட்ரி எல்லாருக்கும் பொதுதான்."

"கேபிள அறுத்துடறேன்" என்றேன்.

"தொடாத. எலி வர்ற வழிய அடைச்சிட்டா, பொறிய எங்க வைக்கிறது?"

அடுத்த வருடம் முழுக்க அவள் எழுதினாள். எல்லாம் அசல், முன்னைவிட நல்ல எழுத்து. தப்பாக நாலு விடையைச் சொருகினால் போதாதா என்று கேட்டேன். "அத வாங்கிப் படிக்கிறது யாரு, பிள்ளைங்கதானே? அதுங்க வயித்துல அடிக்கச் சொல்றியா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். ஒரு வருட உழைப்பை அப்படியே திருடனுக்குப் பொறித் தீனியாக வைத்தாள். ஆனால் நடுவில், அறுபத்து மூன்றாம் பக்கத்தில், முப்பத்தோராவது செய்முறை என்று ஒன்றைச் சேர்த்தாள். சக்கரவர்த்தி முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும்தான் புரட்டுவான் என்று அவளுக்குத் தெரியும்.

மே மாதம். கடைசி வகுப்புக்குக் கல்யாண மண்டபமே வாடகைக்கு எடுத்திருந்தான். நானூறு பிள்ளைகள். மைக் கட்டும் வேலை எனக்கு. புதுக் கைடைத் தூக்கிக் காட்டினான்.

"இதுல ஒவ்வொரு எழுத்தும் என் வேர்வை! என் மூளை!"

பின் வரிசையில் கிளுகிளுவென்று சிரிப்பு. இப்திஹால் என்ற பெண் எழுந்தாள்.

"சார், முப்பத்தொண்ணாவது செய்முறை புரியல. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கிலேயே வாசித்தான் மகாராஜா.

"முயல் வடிநீர் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருக. பொடியாக நறுக்கிய முலூகியாக் கீரையைச் சேர்க்க. பூண்டையும் கொத்தமல்லியையும் நெய்யில் சிவக்க வறுத்து அதில் கொட்டுக. கொட்டும் அதே நொடியில் மாணவர் 'ஹ்ஹா!' என மூச்சை உள்ளிழுக்க வேண்டும். இழுக்காவிடில்..."

அங்கே குரல் நின்றது. இழுக்காவிட்டால் கீரை அடியில் தங்கிவிடும் என்பது எங்கள் ஊரில் அடுப்படிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும், அவன் அம்மாவும் இழுத்தவள்தானே. நானூறு பிள்ளைகளும் ஒன்றாக இழுத்தார்கள்: "ஹ்ஹா!" நான் மைக்கின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

"இது நான் எழுதினதில்ல!" என்று கத்தினான் ஷவ்கி. "எதிர் வீட்டுப் பொம்பள பண்ண வேல! அந்த அஃப்கார்!"

இப்திஹால் இன்னும் உட்காரவில்லை. "அப்ப மத்தப் பக்கமெல்லாம் யாரு எழுதினது சார்?"



அதற்குப் பிறகு அவன் தக்காளி வாங்கப் போனால் கடைக்காரன் மூச்சிழுத்தான். ரொட்டி வரிசையில் நின்றால் வரிசையே இழுத்தது. எனக்கு அவன்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே பிள்ளைகள் நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவள் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அக்கம்பக்க உறவுக்காச்சும் மன்னிச்சிடுங்க. இதோட விட்டுடச் சொல்லுங்க" என்று முணுமுணுத்தான்.

அவள் கதவை அகலமாகத் திறந்தாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? இதுங்ககிட்ட சொல்லுங்க. யாரு எழுதினது, யாரு எடுத்தது?"

அவன் தரையைப் பார்த்தான். "அவங்க எழுதினாங்க. நான்... எடுத்தேன்."

"பின்னாடி இருக்கறதுங்களுக்குக் கேக்கல."

மறுபடி சொன்னான். இந்த முறை மாடிப்படி வரை கேட்டது. முடிந்தது என்று நினைத்து அவன் திரும்பினான்.

"நில்லுங்க" என்றாள் அஃப்கார் டீச்சர், சாக்பீஸைக் கீழே வைக்காமலே. "இன்னும் நாலு பேர் வரணும். அதுங்களும் வந்துடட்டும்."