லாட்வியச் சிம்பொனியின் காணாமற்போன தாள்

இரத்தம் எடுப்பது தாட்சாயினியின் வேலை. சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாகப் பிறர் கைகளில் நாளம் தேடி ஊசி குத்திக்கொண்டிருந்தாள். பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தபோது, பள்ளிக்கூட பாண்ட் ஆசிரியர் மிஞ்சிக் கிடந்த கிளாரினெட் குழல் ஒன்றை அவளிடம் கொடுத்தார். அன்று பிடித்ததை அவள் இன்னும் விடவில்லை. செவ்வாய்தோறும் உள்ளூர் இசைக்குழுவில் இரண்டாவது கிளாரினெட் அவள்தான். தச்சர், ஆசிரியை, பல் வைத்தியர் என்று ஆசைக்கு வாசிக்கிறவர்களின் குழு அது.

சென்ற மார்ச் மாதம் குழுவை நடத்தும் ஹெலன் ஒரு தோல்பெட்டியோடு ஒத்திகைக்கு வந்தாள். பெட்டி, ஐவா என்ற எண்பத்துநான்கு வயது லாட்வியப் பெண்மணியுடையது. ஐவாவின் தகப்பன் ரீகா நகரில் வயலின் வாசித்தவர். 1941இல் அவருடைய குழு, ஆர்விட்ஸ் லீபின்ஸ் என்பவரின் புதிய சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, சோவியத் ஆட்கள் லீபின்ஸைப் பிடித்துச் சைபீரியாவுக்கு ஏற்றினார்கள். முழு இசைப்பிரதியையும் எரித்தார்கள். லீபின்ஸ் திரும்பவேயில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதியிருந்த தாள்களை மட்டும் வயலின்காரர் ஒளித்துவைத்து, பிறகு அகதியாகச் சிட்னிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"இதை இன்றுவரை யாரும் மேடையில் வாசித்ததில்லை" என்றாள் ஹெலன்.

தாட்சாயினி முதல் ஆளாக எழுந்துபோய்த் தன் தாளை வாங்கிக்கொண்டாள்.

ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஒரு தாள் குறைந்தது. மூன்றாம் பகுதியைப் பசூன் தனியாக ஆரம்பிக்க வேண்டும்; மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நுழைந்தாலும் இருபத்துநான்கு தாளக்கட்டங்கள் வரை ராகம் அந்தத் தடித்த மரக்குழலுடையதுதான். அந்தத் தாளைத்தான் காணவில்லை. மூன்றாம் பகுதியை விட்டுவிட்டு மற்றதை வாசிக்கலாம் என்று ஹெலன் மனமில்லாமல் முடிவு செய்தாள்.

தாட்சாயினிக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் தன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் வாசிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பொடி எழுத்தில் சில சுரங்கள் இருந்தன. நெடுநேரம் சும்மா இருக்கிறவர் தவறாமல் நுழைவதற்காக, அப்போது வாசிப்பவருடைய சுரங்களைச் சின்னதாக எழுதிவைப்பது வழக்கம். அப்போது வாசிப்பவர் யார்? பசூன்!

சனிக்கிழமை காலையே ஹெலனிடம் எல்லாத் தாள்களின் படிகளையும் வாங்கிவந்து சமையலறை மேசையில் பரப்பினாள்.

"என்னப்பா இது, குசினி முழுக்கப் பேப்பர்?" என்று கணவன் சதீசன் கோப்பையோடு நின்றான்.

"தொடாதேங்கோ, ஒழுங்கு குழம்பிடும்! செத்துப்போன மனுசன் எழுதினதை ஒட்டிக்கொண்டிருக்கிறன்."

ஓபோ தாளில் நான்கு கட்டம். கொம்புத் தாளில் ஆறு. செல்லோவில் ஐந்து. ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் நுழைந்ததால் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு கட்டங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்பதாவதும் பத்தாவதும் மட்டும் எங்கும் இல்லை. மறுபடி எண்ணினாள். டிம்பனி மேளத்தின் தாள் மேசையில் இல்லை; படியெடுக்கும் முன்பே மேளக்காரர் செந்தில்நாதன் அதைக் கொண்டுபோயிருந்தார். அவர் சென்னைக்காரர், செவன் ஹில்ஸ் பண்டகசாலை ஒன்றில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். உடனே அழைத்தாள்.

"ஆமாங்க, என் பையிலதான் இருக்கு. ஷிஃப்ட்ல இருக்கேன்" என்றார்.

"மூன்றாம் பகுதியைப் பாருங்கோ. பொடி எழுத்து ஏதும் கிடக்குதோ?"

தாள் புரளும் சத்தம். "ரெண்டு வரி இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி."

"அசையாதேங்கோ, வாறன்!"

"எங்க போறீர்? சாப்பாடு?" என்று சதீசன் கேட்டான். அவள் அதற்குள் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியிருந்தாள்.

செந்தில்நாதன் பண்டகசாலை வாசலில் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். மேளக்காரர்தான் எல்லோரையும்விட நெடுநேரம் காத்திருக்கிறவர். அவருக்காகப் பசூனின் நடுப்பகுதி முழுவதையும் எழுதியிருந்தார்கள். ஒன்பது, பத்து இரண்டும் அங்கே இருந்தன. தாட்சாயினி அவற்றைத் தான் சேர்த்துவைத்த தாளில் எழுதிக்கொண்டாள். கிளாரினெட்டுக்கு ஏற்றபடி மனதுக்குள் சுருதியை மாற்றிக்கொண்டு, லொறிகள் நிற்கும் மேடையிலேயே இருபத்துநான்கு கட்டங்களையும் வாசித்தாள். மெல்ல ஏறி, ஒன்பதாவதில் சறுக்கி, பத்தாவதில் எதிர்பாராத ஒரு சுரத்தைப் பிடித்து நிமிர்ந்தது ராகம். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றார் செந்தில்நாதன்.

ஓகஸ்ட்டில் சிம்பொனி முழுதாக அரங்கேறியது. மூன்றாம் பகுதி முடிந்ததும், நடுவில் கைதட்டக்கூடாது என்ற வழக்கத்தையெல்லாம் மறந்து, முன்வரிசையில் ஐவா எழுந்து தட்டினாள். பிறகு மண்டபமே தட்டியது. ஹெலனும் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.

ஒலிப்பதிவை ரீகாவுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: அங்குள்ள குழு நவம்பரில் அதை வாசிக்கப்போகிறது, பசூன் பகுதியை மீட்டவரின் பெயரை நிகழ்ச்சித்தாளில் எப்படி எழுதுவது?

ஹெலன் அனுப்பிய அந்தப் பதிலை வேலையிடத்தில் மதிய இடைவேளையில் படித்த தாட்சாயினி போட்ட சத்தத்தில், காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சதீசனை அழைத்தாள்.

"ரீகாவுக்கு பிளேன் ரிக்கெற் பாருங்கோ!"

"நவம்பரில அங்க ஸ்நோ கொட்டுமப்பா."

"கொட்டட்டும்! ரண்டு ரிக்கெற்!"