மொளிக்கு மேலே மூன்று விரக்கடை

அன்பான சகோதரிகளே, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் செய்த தப்பை முதலில் சொல்லாமல் அந்த நன்றி என் வாயில் வராது.

2004 அக்டோபர், ஜெபமாலை மாதம். என் தம்பி மனைவி செல்வி ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துபோய், நான்கு வருடம் ஏங்கித் தங்கிய கரு இது. ஏழாம் மாதமாகியும் வாந்தி நிற்கவில்லை. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது.

அந்தச் சமயம் எங்கள் பங்குக் கோயிலில் மூன்று நாள் அக்குபிரஷர் வகுப்பு நடந்தது. இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் நான் வேலை பார்த்த திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டு, போகவில்லை. அந்த இரண்டு நாள் படிப்பை வைத்துக்கொண்டே தெருவில் தலைவலி, முதுகுவலி எல்லாவற்றுக்கும் அமுக்கிவிட்டேன். "அமுக்கு டாக்டர் வாராக, வழி விடுங்க" என்று கேலி பேசுவார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிரும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியர்கூட இல்லை.

வாந்திக்கு என் நோட்டில் 'மொளிக்கு மேலே மூணு விரக்கடை', அதாவது மூன்று விரல் அகலம், என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கம் கை மணிக்கட்டும் மொளிதான், கால் கணுவும் மொளிதான். செல்வியின் காலைப் பிடித்து மூன்று நாள் கட்டைவிரலால் அழுத்தினேன். அவளும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. கூட வகுப்புக்கு வந்த பக்கத்து வீட்டு ரீத்தாளிடம் ஓடினேன். அவள் தலையில் கை வைத்துவிட்டாள்.

"ஏத்தா, காலையா அமுக்குன? வாந்திக்குக் கை மொளில்ல! புள்ளத்தாச்சிக்கு அங்கன தொடவே கூடாதுன்னு கடைசி நாள் படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே!"

எனக்கு உயிரே போய்விட்டது. வேன் பிடித்துத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க, "மாதாவே, பிள்ளையைக் காப்பாற்று. நான் செய்தது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டினேன். அந்த வேண்டுதலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கை வைத்தியம் ஏதாவது செய்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். வலியிலும் செல்வி சொன்னாள்: "ஒண்ணும் இல்லீங்க. எங்க மதினிதான் பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டாக." நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். மாதாவின் வயிற்றுக் கனியைச் சொல்லும் இடம் வந்ததும் நாக்கு நகரவில்லை. திரும்ப ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றது. அழுகை பொங்கியது. எழுந்து உள்ளே போய், தம்பி நிற்கும்போதே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதனாலதான் வலி வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா இப்படித் தெரியாததைச் செய்யாதீங்க" என்றார். தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்து ஏறியது. நான் முழங்காலில் இருந்தேன். இந்த முறை பிள்ளையை மட்டும் கேட்டேன். சாயங்காலம் வலி அடங்கியது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

தம்பி மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். நோட்டை அடுப்பில் போட்டேன். பிறகு யார் கூப்பிட்டும் அமுக்கப் போனதில்லை. வலி என்று வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

மாதம் நிறைந்து ஜனவரியில் ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன நான் வாசலிலேயே நின்றேன். சகோதரிகளே, பிள்ளையைக் காப்பாற்றிய ஆண்டவர் என் குற்றத்தை மறைத்துத் தரவில்லை. அதற்குத்தான் அதிகம் நன்றி சொல்கிறேன். மறைத்து வைத்துக்கொண்டு முழங்கால் போடாதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு அவரை நம்பிக் கேளுங்கள், கைவிட மாட்டார்.

அன்று செல்விதான் என்னை உள்ளே கூப்பிட்டாள். பிள்ளையைத் தன் பக்கம் நகர்த்திவிட்டுக் காலை நீட்டினாள்.

"ஒரே கடுப்பா இருக்கு மதினி. இப்பத்தான் வயித்துல புள்ள இல்லையே, அமுக்கி விடுங்க."