சேவல் ரத்தம் பட்ட மிஷின்

எங்கள் அட்பாஷி ஊரில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் ஜூராகான் அக்காதான். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. தன் மாட்டை வாங்க வந்தவனிடம், "கறக்கும்போது ஒதைக்கும், யோசிச்சு வாங்கு" என்று தானே சொல்லித் திருப்பி அனுப்பியவள் அவள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் தலைவலி.

பாலாடை எடுத்துச் சந்தையில் விற்பது அவள் பிழைப்பு. பாலிலிருந்து பாலாடையைப் பிரிக்கும் பழைய கை மிஷினைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போய்விட்டது. போன வசந்தத்தில் ஒரு கன்றுக்குட்டியை விற்று, தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து ஆன்லைனில் விற்கும் ஒரு கடையில் கரண்ட் மிஷின் வாங்கினாள். புதுச் சாமான் வந்தால் ரத்தம் காட்டாமல் விடுவோமா? காருக்கு ஆடு, மிஷினுக்குச் சேவல். மூடியில் ரத்தத்தைத் தொட்டு வைத்தாள். பெரியவர்கள் கையேந்தி வாழ்த்தினார்கள். சேவலை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து காலி செய்தோம்.

மறுநாள் பாலை ஊற்றி ஓட்டினால், ஒரு குழாயில் பாலாடையும் மற்றதில் பாலும் வர வேண்டியதற்கு, இரண்டு குழாயிலும் பால்தான் வந்தது. பாலாடை ஒரு சொட்டுக்கூடப் பிரியவில்லை.

என் போனிலிருந்து கடைக்கு எழுதினோம். பாலைச் சூடாக்கினீர்களா என்று கேட்டார்கள். சரியாகப் பொருத்தினீர்களா என்று கேட்டார்கள். கடைசியில், நீங்கள்தான் தப்பாகக் கையாண்டிருப்பீர்கள் என்று எழுதிவிட்டார்கள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இதே வேலை பாக்குறேன். எனக்குப் பொருத்தத் தெரியாதாமா?" என்றாள் அக்கா. முகம் சுண்டிப்போயிருந்தது. நான் விடாமல் மறுபடி மறுபடி எழுதியதில், வீடியோ அனுப்பச் சொன்னார்கள். எடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கே மொத்தப் பணமும் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு செய்தி: 'காயம்பட்டவர் சீக்கிரம் குணமடைய வேண்டுகிறோம். மிஷினைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.'

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீடியோவில் மூடியில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, யாருடைய விரலோ போய்விட்டது என்று அரண்டுபோயிருக்கிறார்கள்.

"வாய மூடிக்கிட்டுக் காச எடுத்து வையக்கா," என்றேன்.

"யாருக்கும் காயம் படலியேடி."

"நீயா சொன்ன? அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. அது உன் கன்னுக்குட்டிக் காசு!"

"போன் போடு."

"போட மாட்டேன். திருப்பிப் புடுங்கிக்குவாங்க. அப்புறம் நீ பழசையே சுத்து, தோளு கழண்டு விழட்டும்!"

"நீ போடுறியா, இல்ல நான் வேற யாரையாச்சும் கேக்கட்டுமா?"

போட்டுத் தொலைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். எந்த மிஷின் என்று சொன்னதும் பதறினாள்.

"அக்கா, கை இப்ப எப்படி இருக்கு?"

"கைக்கு ஒண்ணுமில்லம்மா. அது சேவல் ரத்தம். புதுசா வந்த மிஷினுக்கு நாங்கதான் தொட்டு வச்சோம்."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கன்றுக்குட்டியும் போச்சு, சேவலும் போச்சு.

அக்கா நிறுத்தவில்லை. "ரத்தத்தப் பாத்துக் குடுத்த காசு எனக்கு வேணாம், எடுத்துக்க. ஆனா ரெண்டு குழாயிலயும் பால்தான் வருதுன்னு எத்தன தடவ எழுதினோம்! என் பேச்ச ஒருத்தரும் நம்பல. ஒரு சேவலோட ரத்தத்த நம்பினீங்க. அதத்தாம்மா என்னால தாங்க முடியல."

அவள் குரல் உடைந்துவிட்டது. மாடு உதைத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அக்கா," என்றாள் அந்தப் பெண். "இல்லாத காயத்தச் சொல்லிக் காசு கேக்குறவங்க நெறைய பேரு. காயமில்லன்னு சொல்ல இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல. பணம் உங்களுதுதான், வச்சுக்குங்க. காரணத்த மட்டும் மாத்திடுறேன். பாலாடை பிரியலன்னு எழுதிடவா?"

அக்கா தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதும்மா. நான் சொன்னேன்னு எழுது."